முடிக்கப்படாத குசினித் தரை: ‘லெட்டர்ஸ் ஃப்ரொம் இவோ ஜிமா’ திரைப்பட விமர்சனம்

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2006ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘லெட்டர்ஸ் ஃப்ரொம் இவோ ஜிமா’ படத்தை இதற்கு முன் இரண்டு தடவை தனியாகப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மாவோடும் பெரியப்பாவோடும் இருந்து பார்த்தேன். இந்த விமர்சனத்தை எழுத வைத்தது அந்த மூன்றாவது தடவைதான். இரண்டாம் உலகப் போரில் எதிரியாயிருந்த ஜப்பானியரின் பக்கத்தில் நின்று ஓர் அமெரிக்கர் சொன்ன போர்ப்படம் என்று உலகம் புகழும் ஒரு படத்தை, அந்த எதிரியின் ஆட்சியில் மூன்றரை ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

பெரியப்பா 1935இல் மலாயாவில், சிரம்பானில் பிறந்தவர். அப்பப்பா அங்கே ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தார். மலாயாவில் வேலைபார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களின் வீடு, அதாவது ‘மலாயன் பென்ஷனியர்’ வீடு என்று யாழ்ப்பாணத்தில் சொல்லப்படும் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. ஜப்பானியர் வந்தபோது பெரியப்பாவுக்கு ஆறு வயது கடந்திருந்தது. வீதிமுனையில் நின்ற காவற்காரனுக்குக் குனிந்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை விழுந்ததையும், மரவள்ளிக்கிழங்கே சோறாகிப் போனதையும், போர் முடிந்த அன்று பெட்டி நிறைய இருந்த, ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுகள் வெறும் கடதாசியானதையும், தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரெயில்பாதை போடக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பி வராமலே போனதையும் அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். இது என்ன படம் என்று நான் சொன்னதும், “யப்பான்காரன்ர கதையை அமெரிக்கன் ஏன் எடுக்கிறான்? எடுத்தாலும் நான் ஏன் பார்க்கவேணும், பிள்ளை?” என்று கேட்டார். கேட்டுவிட்டு எழும்பிப் போகாமல் கதிரையிலேயே இருந்தார்.

அவருடைய முதற்கேள்விக்கு விடை படத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இவோ ஜிமாவின் சுரிபாச்சி மலையில் 1945 பெப்ரவரி 23ஆம் திகதி அமெரிக்கப் படைவீரர் கொடியை நடுவதை ஜோ ரோசென்தால் எடுத்த புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. அந்தப் படத்தில் இருந்தவர்களின் கதையை ‘ஃபிளாக்ஸ் ஒஃப் அவர் ஃபாதர்ஸ்’ என்ற பெயரில் எடுக்கத் தொடங்கிய ஈஸ்ட்வுட், தகவல் தேடும்போது எதிர்ப்பக்கத்துத் தளபதியான தடமிச்சி குரிபயாஷியைப் பற்றி அறிந்து, அவர் பக்கத்துக்கும் தனியாக ஒரு படம் வேண்டும் என்று முடிவு செய்தார். முதற்படம் அந்தப் புகைப்படத்தைச் சுற்றியது. இரண்டாவது, அந்த மலைக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றியது. குரிபயாஷி தன் குடும்பத்துக்கு எழுதிய சித்திரக் கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு ஐரிஸ் யமஷிடா ஆங்கிலத்தில் எழுதிய திரைக்கதை ஜப்பானிய மொழிக்கு மாற்றப்பட்டது. படம் ஏறக்குறைய முழுவதும் ஜப்பானிய மொழியிலேயே பேசுகிறது.

போரின் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. தோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தொலைவில், சுமார் 21 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கந்தகத் தீவு இவோ ஜிமா. 1945 பெப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை நடந்த சண்டையில், தீவைக் காத்து நின்ற ஏறத்தாழ 21,000 ஜப்பானியரில் மிகப் பெரும்பாலோர் இறந்தனர்; சண்டை நடந்த காலத்தில் உயிருடன் பிடிபட்டோர் 216 பேர். அமெரிக்கர் பக்கத்தில் ஏறத்தாழ 6,800 பேர் மாண்டனர். ஆகவே யார் வெல்வார், யார் சாவார் என்ற கேள்வியைத் திரைக்கதை எழுப்புவதேயில்லை. இவர்கள் எல்லோரும் சாகப்போகிறவர்கள் என்று தெரிந்த நிலையில், சாகும்வரை என்ன நினைத்தார்கள் என்பதை மட்டும் அது கேட்கிறது.

முதற்கடிதமே என்னை மடக்கிவிட்டது. தீவின் பாதுகாப்பைப் பொறுப்பேற்க விமானத்தில் வந்துகொண்டிருக்கும் தளபதி மனைவிக்கு எழுதுகிறார். பேரரசரைப் பற்றியோ தாய்நாட்டைப் பற்றியோ எழுதப்போகிறார் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், புறப்படுமுன் குசினித் தரையைச் சரிசெய்து முடிக்க முடியாமற்போனது மனத்தை உறுத்துகிறது என்று எழுதுகிறார். பலகை இடுக்கால் குளிர்காற்று வருகிற ஒரு தரைதான் அவருடைய கவலை. பின்னால் எத்தனை ஆயிரம் குண்டுகள் வெடித்தாலும் அந்தத் தரை மனத்தை விட்டுப் போவதில்லை. எதிரியை மனிதனாகக் காட்ட ஒரு படைப்பாளி கண்ணீரையும் வீரத்தையும் தேடிப் போகத் தேவையில்லை, வீட்டில் பாதியில் விட்ட ஒரு வேலை போதும் என்று ஈஸ்ட்வுட் அறிந்திருக்கிறார்.

தளபதிக்கு நேரெதிராகக் கடற்கரையில் பதுங்குகுழி தோண்டிக்கொண்டு நிற்பவன் சைகோ. பாண் போட்டு விற்றவன். அவனுடைய பாணையும் பலகாரத்தையும் இராணுவப் பொலிசார் வந்து எடுத்துப் போகிறார்கள். பிறகு அடுப்பங்கரை இரும்பையும் எடுத்துப் போகிறார்கள். கடைசியில் அவனையே எடுத்துப் போக ஆணைத்தாள் வருகிறது. அந்த இரவை இயக்குநர் ஓசையின்றிக் காட்டுகிறார். கதவடியில் ஒருவன் நின்று வாழ்த்துச் சொல்கிறான். அவனோடு வந்த அயலுப் பெண்கள், தங்கள் வீட்டு ஆண்களும் போய்விட்டவர்கள்தான் என்று நினைவூட்டிவிட்டு நிற்கிறார்கள். மனைவி ஹனாகோ வயிற்றுப்பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். சைகோ அந்த வயிற்றருகே குனிந்து, அப்பா திரும்பி வருவார் என்று பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறான். அதுவரை ஒவ்வொரு வசனத்தையும் நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் அம்மா என் கையைத் தொட்டு, சொல்லவேண்டாம் என்று சைகை காட்டினார்.

ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். இந்தப் படம் நான்கு ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒலித்தொகுப்புக்கு மட்டுமே விருது பெற்றது. அது முற்றிலும் தகுதியான விருது. வழக்கமான போர்ப்படத்தில் குண்டு எங்கே விழுகிறது என்று கண்ணால் காண்கிறோம். இங்கே பெரும்பாலான நேரம் நாம் நிலத்துக்குக் கீழே இருக்கிறோம். முதலில் எங்கோ தொலைவில் ஓர் அமுக்கம், பிறகு கூரையிலிருந்து மண் சொரிகிறது, விளக்கு ஆடுகிறது, யாரோ இருமுகிறான், அடுத்தது எங்கே விழும் என்று எல்லாக் கண்களும் மேலே பார்க்கின்றன. குரிபயாஷியின் ஆணையின்படி தீவில் தோண்டப்பட்ட சுரங்கவழிகள் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நீளமானவை என்ற உண்மை, இந்த ஒலியின் வழியாகவே உடம்பில் உறைக்கிறது.

இந்தக் காட்சிகளை அமெரிக்கப் பார்வையாளர் எப்படி உணர்ந்தாரோ நான் அறியேன். எங்கள் வீட்டில் அவை வேறுவிதமாக இறங்கின. அம்மா யாழ்ப்பாணத்தில் முற்றத்துப் பங்கருக்குள் இருந்த காலத்தை எண்ணி முடியாது. பனங்குற்றிக்கு மேல் மண்மூட்டை அடுக்கிய பங்கர் அது. ஷெல் புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையில் வாய்க்குள் எண்ணிப் பழகியவர்களில் அவரும் ஒருவர். திரையில் மண் சொரிந்தபோது சேலைத் தலைப்பால் தலையை மூடப் போன கை பாதியில் நின்றதைக் கண்டேன். “மண் விழேக்க இருமல்தான் முதல் வரும். அதைச் சரியா எடுத்திருக்கிறான்” என்றார். இதைவிடப் பெரிய பாராட்டை எந்த ஒலிப்பதிவாளருக்கும் என்னால் எழுத முடியாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒளிப்பதிவாளர் டொம் ஸ்டேர்ன் நிறங்களைக் கழுவிக் கருமணலின் சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தீயும் இரத்தமும் மட்டுமே தங்கள் நிறத்தோடு தெரிகின்றன. பகல் வெளிச்சம் நிறைந்த அறையில் பார்த்தால் பாதிப்படம் கண்ணுக்கு எட்டாது. யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் பாருங்கள்.

சுரிபாச்சி மலை கைவிட்டுப் போகும் கட்டத்தில், குகைக்குள் இருக்கும் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கைக்குண்டை நெஞ்சோடு அணைத்து உயிர்விடும் காட்சி வருகிறது. பின்வாங்கி மற்றப் படையோடு சேரும்படி தளபதி ஆணையிட்டிருக்கிறார். வீண்சாவு வேண்டாம் என்பதே அவருடைய போர்முறை. ஆனால் இடையிலுள்ள அதிகாரி அதை மறைத்துவிட்டு, பழைய மான உணர்வின்படி எல்லோரையும் சாகச் சொல்கிறார். ஒருவன் அழுகிறான், ஒருவன் குடும்பப் படத்தைப் பார்க்கிறான், ஒருவனுக்குக் கை நடுங்குகிறது. இதில் இசை உயர்ந்து தியாகம் என்று நம்மை நம்பவைக்க முயன்றிருந்தால் நான் படத்தை அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஈஸ்ட்வுட் அதைச் செய்யவில்லை. சாக மறுக்கும் சைகோவின் திகிலடைந்த கண்களின் வழியாகவே முழுவதையும் காட்டுகிறார். பெரியப்பா மூன்றாவது வெடியோடு எழும்பிப் பல்கனிக்குப் போனார். கீழே கரையோர ரெயில் ஒன்று கடந்து போகும்வரை நான் படத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். பரோன் நிஷி என்ற பாத்திரம் வரலாற்றில் வாழ்ந்தவர். 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் உரானஸ் என்ற குதிரையில் தடைதாண்டித் தங்கப்பதக்கம் வென்றவர். குரிபயாஷியும் 1928 முதல் 1930 வரை அமெரிக்காவில் இராணுவத் தூதரகப் பணியில் இருந்தவர். படத்தில் அமெரிக்க நண்பர்கள் தந்த கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்திருக்கிறார். ஆக, நாம் மிகவும் நேசிக்கும் இரண்டு ஜப்பானிய அதிகாரிகளும் அமெரிக்காவை அறிந்தவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள். அமெரிக்காவையே அறியாத, அறிய விரும்பாத லெப்டினன்ட் இத்தோவோ முரட்டுப் பிடிவாதக்காரனாகவே வருகிறான். கண்ணிவெடியைக் கட்டிக்கொண்டு பிணங்களிடையே படுத்து, வராத ராங்கிக்காகக் காத்திருந்து மனம் உடைகிறான். எதிரி நம்மைப்போல் இருக்கும்போது அவனை நேசிப்பதில் பெரிய சிரமமில்லை. நம் மொழியோ பழக்கமோ சிறிதும் தெரியாதவனை அந்த நேசம் எட்டுமா என்பதே கேள்வி.

காயப்பட்டுப் பிடிபடும் சாம் என்ற அமெரிக்க இளைஞனுக்கு நிஷி தன்னிடமிருந்த மருந்தைக் கொடுக்கச் சொல்லி ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுக்கிறார். அவன் இறந்தபின் அவன் கையிலிருந்த தாயின் கடிதத்தை எடுத்து, தன் வீரர்கள் கேட்க ஜப்பானிய மொழியில் வாசிக்கிறார். ஊர்ப்புதினம், வீட்டுப்புதினம், பத்திரமாகத் திரும்பி வா என்பதுதான் கடிதம். கேட்டுக்கொண்டிருந்த வீரர்கள் ஒவ்வொருவராக எழும்பி நிற்கிறார்கள். முதல் இரண்டு தடவையும் இந்தக் காட்சி என்னை அழவைத்தது. மூன்றாவது தடவை, வீரர்கள் எழும்பி நிற்பது சற்று அளந்து வைத்ததுபோலத் தோன்றியது. ஆனாலும் பிறகு ஷிமிசு என்ற இளம் வீரன், அந்தத் தாய் எழுதிய சொற்கள் தன் தாய் எழுதியவைபோலவே இருந்தன என்று சைகோவிடம் மெல்லச் சொல்லும் இடம் என் மனக்குறையைப் பாதி தீர்த்துவிடுகிறது. ஷிமிசுவுக்கும் சைகோவுக்கும் ஆங்கிலம் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது.

ஷிமிசுவின் கதைதான் படத்தின் மிக நேர்மையான பகுதி. முதலில் எல்லோரும் அவனை உளவுக்காரன் என்று சந்தேகிக்கிறார்கள். அவன் கெம்பெய்தாய் எனப்படும் இராணுவப் பொலிசிலிருந்து வந்தவன். அந்தச் சொல் திரையில் ஒலித்த கணத்தில், அடியில் வசன எழுத்து வருமுன்பே, பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்பது ஆண்டுகளுக்கு முன் சிரம்பானில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொன்ன சொல் அது. ஒரு வீட்டு நாய் குரைத்ததற்காக அதைச் சுடும்படி மேலதிகாரி ஆணையிட, ஷிமிசு சுட்டதாகப் பாசாங்கு செய்து ஆகாயத்தில் சுடுகிறான். அகப்பட்டு, தண்டனையாகத் தீவுக்கு அனுப்பப்படுகிறான். பிறகு அமெரிக்கரிடம் சரணடையும் இவனை, காவல்காக்க மனமில்லாத அமெரிக்க வீரன் ஒருவன் சுட்டுக் கொல்கிறான். சொந்த நாட்டுப் பார்வையாளர் கைதட்டாத ஒரு காட்சியை ஓர் அமெரிக்க இயக்குநர் இவ்வளவு வெளிப்படையாக வைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

இடைவேளை விட்டுத் தேநீர் குடித்தபோது பெரியப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. “உந்தத் தளபதி நல்லவன்தான். எங்களட்ட வந்தவங்கள் எங்கை, பிள்ளை?” இந்தப் படத்தின்மேல் வைக்கத்தக்க மிகக் கூர்மையான விமர்சனம் இதுதான். அந்தத் தீவிலேயே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் இருந்தார்கள். படத்தில் அவர்களுக்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை. ஊர்மக்களைத் தளபதி பாதுகாப்பாக அனுப்பிவைக்கிறார். அதன்பின் படத்தில் எஞ்சுவது படைவீரர்கள் மட்டுமே என்பதால், அந்தப் படை ஏனைய நாடுகளில் பொதுமக்களுக்குச் செய்தவற்றைச் சொல்லவேண்டிய தேவை கதைக்கு எழுவதில்லை. எதிரி என்ற சொல்லுக்கு இந்தப் படத்தில் இரண்டே பேர்தான்: அமெரிக்கரும் ஜப்பானியரும். மலாயாத் தோட்டத்துத் தமிழனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. எல்லாவற்றையும் ஒரு படத்துக்குள் அடைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், ஒரு கொரியத் தொழிலாளியின் முகம் சுரங்கத்தில் ஒரு தடவை விளக்கொளியில் தெரிந்திருந்தால் பெரியப்பாவின் கேள்விக்குச் சிறிதாவது இடம் கிடைத்திருக்கும்.

இந்தப் படத்தைக் கொழும்பிலிருந்து பார்ப்பதற்கு ஒரு தனிப் பொருளுண்டு. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், இந்த நகரின்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. துறைமுகமும் இரத்மலானையும் தாக்கப்பட்டன. குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி அங்கிருந்து பிரித்தானியப் போர் விமானங்கள் எழும்பின. குண்டு விழுந்த இதே இலங்கையின் சார்பில் 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குப் போன ஜே. ஆர். ஜெயவர்தன, பகை பகையால் தணியாது என்ற தம்மபத வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் என்றார். கடல் கடந்து வந்து போன எதிரிக்கு அதைச் சொல்வது இயலுமாயிருந்தது. ஒரே வீதியில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவர்களுக்கிடையே, 2009இல் ஒரு போர் முடிந்த பிறகு, மற்றப் பக்கத்துக் கடிதத்தை உரத்து வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்கே வாழும் நாங்கள் அறிவோம். வென்றவர்கள் நிஷியைப்போல் எழும்பித் தோற்றவர்களின் கடிதத்தை வாசிக்க அமெரிக்காவுக்கு 61 ஆண்டுகள் எடுத்தன. எங்களுக்கு அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது என்று நான் மனமார விரும்புகிறேன். வாசிக்கத் தேவையான கடிதங்களை வைத்திருக்கும் தாய்மாருக்கு ஏற்கனவே வயதாகிவிட்டது.

நடிப்பில் குரிபயாஷியாக வரும் கென் வதனபே கம்பீரத்தையும் களைப்பையும் ஒரே நடையில் காட்டுகிறார். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துபவர் சைகோவாக வரும் கசுனாரி நினோமியா. படம் வந்தபோது ஜப்பானில் பாடகர் குழு ஒன்றின் உறுப்பினராகப் புகழ்பெற்றிருந்த இளைஞர். முணுமுணுப்பும் சலிப்பும் நிறைந்த சாதாரண மனிதனாக, வீரத்தின் சாயலே படாமல் நடித்திருக்கிறார். குறைகளும் உண்டு. பழைய நினைவுகளுக்குப் போகும் காட்சிகள், ஒருவனுக்கு ஒன்று என்று பங்கிட்டதுபோல வருகின்றன. கைல் ஈஸ்ட்வுட்டும் மைக்கேல் ஸ்டீவன்ஸும் அமைத்த பியானோ மெட்டு அழகானது, ஆனால் அடிக்கடி வருகிறது. குரிபயாஷியின் உடல் உண்மையில் அடையாளம் காணப்படவேயில்லை என்பதால் அவருடைய முடிவைப் பற்றிய காட்சிகள் கற்பனையே. அவற்றில் கைத்துப்பாக்கியைச் சுற்றிப் பின்னிய முடிச்சு கொஞ்சம் கூடிவிட்டது.

படம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், 141 நிமிடம் ஓடுகிறது. என்னிடமுள்ள இறுவட்டில் தமிழ் எழுத்து இல்லை, ஆங்கிலம் மட்டுமே உண்டு. வயதானவர்களோடு பார்ப்பவர்கள் இரண்டு அமர்வாகப் பிரித்து, கைக்குண்டுக் காட்சிக்கு முன்பே சொல்லிவைத்துப் பார்ப்பது நல்லது. சிறுபிள்ளைகளுக்கு உகந்ததல்ல. இரண்டு படங்களையும் பார்க்க எண்ணுவோர் கொடியைப் பற்றியதை முதலிலும் இதை இரண்டாவதாகவும் பார்க்கவேண்டும். முதற்படத்தில் முகமில்லாமல் சுட்டவர்களுக்கு அப்போதுதான் முகம் வரும்.

கடைசித் தாக்குதலுக்கு முன், தளபதியின் ஊர்ப்பக்கத்துச் சிறுவர்கள் தீவிலிருக்கும் வீரர்களுக்காகப் பாடும் பாட்டு வானொலியில் வருகிறது. சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்துபோன குகையில், அழுக்கேறிய முகங்கள் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. படம் முடிந்து அம்மா விளக்கைப் போட்ட பிறகு, பெரியப்பா அந்த இடத்தை மட்டும் மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். காலையில் பள்ளிக்கூட முற்றத்தில் கிழக்கே பார்த்து வணங்கவிட்டு, யப்பான் வாத்தியார் தங்களுக்கும் ஒரு பாட்டுப் படிப்பித்தவர் என்றார். பாட்டின் அடி நினைவுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, அதற்குப் பதிலாக விரல்களை மடக்கி, இச்சி, நி, சான், சி, கோ என்று பத்துவரை பிழையில்லாமல் எண்ணினார்.